கிரேக்க, ரோமானியக் காசுகள்: கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

2,000 வருடத்துக் காசு என்றதும், அது மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டியது, இல்லாவிட்டால் பெரும் பணக்காரர்கள் லண்டன் ஏலத்தில் எடுப்பது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காசுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ரோமானியப் பேரரசு கி.பி. 4-ம் நூற்றாண்டில் அடித்துத் தள்ளிய சின்னச் சின்ன வெண்கலக் காசுகள் ஐரோப்பாவிலும் துருக்கியிலும் சிரியாவிலும் இன்றுவரை குவியல் குவியலாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் சுமாராகத் தேய்ந்த ஒன்றை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முறையான வியாபாரியிடமே வாங்கிவிடலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களை உண்மையில் மலைக்க வைப்பது விலை அல்ல, காசில் இருக்கும் படமும் எழுத்தும்தான். ஒன்றுமே புரியாது. புரியாததால் விற்பவர் சொல்வதை நம்பவேண்டி வருகிறது, அங்கேதான் ஏமாற்றமும் தொடங்குகிறது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் வாங்குங்கள். படிப்பது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை.

காசு எப்படி அடிக்கப்பட்டது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகவே முடியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசும் கையால் அடிக்கப்பட்டது. அடிக்கல்லில் ஓர் அச்சைப் பதித்து வைத்திருப்பார்கள். அதன்மேல் எடை பார்த்துத் தயாரித்த உலோக வில்லையை வைத்து, மேலே இன்னோர் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கீழ் அச்சில் பெரும்பாலும் தலை இருக்கும், மேல் அச்சில் பின்பக்கத்துப் படம் இருக்கும். அடியை நேராக வாங்குவது மேல் அச்சு என்பதால் அதுதான் சீக்கிரம் உடையும், அதனால் ஒரே தலை அச்சோடு பல பின்பக்க அச்சுகள் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம். வில்லை கொஞ்சம் நகர்ந்துவிட்டால் படம் ஓரத்துக்குப் போய்விடும், பாதி எழுத்து வெளியே விழுந்துவிடும், விளிம்பில் வெடிப்பு விடும். இதெல்லாம் குறையே இல்லை. கையால் அடித்த காசு அப்படித்தான் இருக்கும்.

அச்சையும் கையாலேயே செதுக்கினார்கள், அதுவும் தலைகீழாக, குழிவாக. ஒரே ராஜாவின் காசுகள் பத்தை வரிசையாக வைத்தால் பத்திலும் மூக்கு வேறு மாதிரி இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போலிகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எடையும் எழுத்தும்

முதலில் தேவையானவை மூன்று கருவிகள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிபர், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ். எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. காசு கைக்கு வந்ததும் உலோகம், எடை, விட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். தங்கம், வெள்ளியில் எடை ரொம்ப முக்கியம். அந்தக் காலத்தில் காசின் மதிப்பே உலோகத்தின் எடையில்தான் இருந்தது, அதனால் ஒவ்வொரு நகரமும் ஒரு எடை அளவைக் கறாராகக் கடைப்பிடித்தது. ஏதென்ஸின் டிராக்மா சுமார் 4.3 கிராம், நான்கு டிராக்மா காசு சுமார் 17.2 கிராம். ஏதென்ஸ் ஆந்தைக் காசு என்று சொல்லி 14 கிராமில் ஒன்றைக் கொடுத்தால், மேலே பேச வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து எழுத்தைப் பாருங்கள். கிரேக்க எழுத்தா, லத்தீன் எழுத்தா? இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. கிரேக்க எழுத்து இருந்தால் கிரேக்கக் காசு, லத்தீன் இருந்தால் ரோமானியக் காசு என்று பிரித்துவிட முடியாது. ரோமானியப் பேரரசின் கிழக்குப் பகுதி முழுக்கக் கிரேக்கம் பேசிய பகுதி. அங்கிருந்த நகரங்கள் ரோமானியச் சக்கரவர்த்தியின் தலையைப் போட்டு, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரை எழுதித் தங்கள் சொந்தக் காசை அடித்துக்கொண்டன. இவற்றை மாகாணக் காசுகள் என்று தனி வகையாக வைக்கிறார்கள். எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் அடித்தவை இதில் அழகானவை: ஆங்கில 'எல்' போன்ற ஒரு குறியும் பக்கத்தில் ஒரு கிரேக்க எழுத்தும் இருக்கும், அந்த எழுத்துதான் எண். சக்கரவர்த்தியின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று காசே சொல்லிவிடும்.

கிரேக்கக் காசு: ஊரைக் கண்டுபிடிப்பது

காசு அடிக்கும் வழக்கம் இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா நாட்டில் கி.மு. 7-ம் நூற்றாண்டில் தொடங்கியது. தங்கமும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த எலக்ட்ரம் என்ற உலோகத்தில் முதல் காசுகளை அடித்தார்கள். அப்புறம் கி.மு. 6-ம் நூற்றாண்டில் குரோசஸ் என்ற ராஜா காலத்தில் தங்கத்தையும் வெள்ளியையும் தனித்தனியாகப் பிரித்து, சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கும் காசு வந்தது. அங்கிருந்து கிரேக்க நகரங்களுக்குப் பரவியது.

கிரேக்கம் அப்போது ஒரே நாடு இல்லை, நூற்றுக்கணக்கான நகர அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். அந்தச் சின்னத்தைப் பிடித்துவிட்டால் ஊர் தெரிந்துவிடும். ஆமை என்றால் ஏஜினா தீவு. பழைய காசில் கடலாமை, பிற்காலத்தில் நிலத்து ஆமை. சிறகு முளைத்த குதிரை என்றால் கொரிந்த், குதிரையின் வயிற்றுக்குக் கீழே 'கொப்பா' என்ற பழைய எழுத்து சின்னதாக இருக்கும். ரோஜாப்பூ என்றால் ரோட்ஸ் தீவு. ஊர்ப் பெயரும் பூப்பெயரும் அவர்கள் மொழியில் ஏறக்குறைய ஒன்று, அதனால் அந்தப் பூவையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பெண் தலையைச் சுற்றி நான்கு டால்பின்கள் நீந்தினால் சிசிலியின் சிரக்யூஸ். அந்த ஊரில் அச்சு செதுக்கிய கீமோன், எவைனெட்டோஸ் இருவரும் தங்கள் பெயரைக் காசிலேயே பொறித்தார்கள். ஓவியர் கையெழுத்துப் போடுவதைப் போலக் காசுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்தால் அந்தப் பெருமை நியாயம்தான் என்று தோன்றும்.

சரி, ஏதென்ஸ் ஆந்தையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தானே. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி வலது பக்கம் பார்க்கிறாள், கவசத்தில் ஒலிவ இலைகள். பின்பக்கம் ஒரு சதுரக் குழிக்குள் ஆந்தை. உடல் பக்கவாட்டில், முகம் மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறது. அதன் பின்னால் மேலே ஒலிவக் கொத்து, ஒரு சின்னப் பிறை நிலா. முன்னால் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலோன் என்று மூன்று எழுத்துகள் மேலிருந்து கீழாக, ஊர்ப் பெயரின் தொடக்கம். இப்போது லென்ஸை அதீனாவின் கண்ணுக்குக் கொண்டுபோங்கள். முகம் பக்கவாட்டில் இருந்தும் கண் மட்டும் நேராகப் பார்ப்பது போல முழு பாதாம் வடிவத்தில் இருந்தால் அது கி.மு. 5-ம் நூற்றாண்டுப் பாணி. கண்ணும் பக்கவாட்டில், முக்கோணம் போலத் திறந்திருந்தால் 4-ம் நூற்றாண்டு. ஒரு கண்ணை வைத்து நூறு வருட வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம், இதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

இந்த ஆந்தைகளுக்கு வெள்ளி வந்தது ஏதென்ஸுக்குத் தெற்கே இருந்த லாரியான் சுரங்கங்களிலிருந்து. கி.மு. 5-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஏராளமாக அடித்ததால் இன்றும் நிறைய இருக்கின்றன. பல காசுகளில் உளியால் வெட்டிய ஆழமான தழும்பு இருக்கும். உள்ளே செம்பு வைத்து வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகள் அப்போதே உலவியதால், உள்ளேயும் வெள்ளிதானா என்று அந்தக் கால வியாபாரிகளே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெட்டு இருந்தால் விலை குறையும். எனக்கு அந்த வெட்டு பிடிக்கும், யாரோ ஒருவர் நிஜமாகவே கையில் வாங்கிச் சந்தேகப்பட்ட காசு அது.

அடுத்து அலெக்சாண்டர். அவர் காசில் இருப்பது அவர் முகம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சிங்கத் தோலைத் தலையில் போர்த்திய அந்த இளைஞன் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ். பின்பக்கம் அரியணையில் ஜீயஸ், நீட்டிய கையில் கழுகு, மறு கையில் செங்கோல், பக்கத்தில் 'அலெக்சாண்டருடையது' என்று கிரேக்கத்தில் எழுத்து. அலெக்சாண்டர் ஆண்டது கி.மு. 336 முதல் 323 வரை, ஆனால் இதே காசை அவர் செத்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பல நகரங்கள் அடித்துக்கொண்டே இருந்தன. நம்பிக்கையான காசு என்று பெயர் வாங்கியதால் அந்த நகரங்கள் படத்தை மாற்றத் துணியவில்லை. ஜீயஸின் கால்கள் இணையாக இருந்தால் முற்காலம், ஒரு கால் பின்னால் மடங்கியிருந்தால் பிற்காலம் என்று ஒரு பொதுவான கணக்கு சொல்வார்கள். விதிவிலக்கு நிறைய, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சரியான அடையாளம் ஜீயஸுக்கு முன்னாலும் நாற்காலிக்கு அடியிலும் இருக்கும் சின்னக் குறிகளில் இருக்கிறது, அவைதான் எந்த நாணயச்சாலை என்று காட்டிக்கொடுக்கும். அலெக்சாண்டரின் உண்மையான முகத்துக்குப் பக்கத்தில் போகவேண்டும் என்றால் அவருடைய தளபதி லைசிமாக்கஸ் அடித்த காசைத் தேடுங்கள். அம்மோன் கடவுளின் ஆட்டுக் கொம்பு காதருகே சுருண்ட தலை அது. அவருக்குப் பின் வந்தவர்களில் உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தைக் காசில் போட்டுக்கொண்ட முதல் ஆள் எகிப்தை ஆண்ட தாலமி.

ரோமானியக் காசு: தலையைச் சுற்றிப் படிப்பது

ரோமானியக் காசுகள் படிக்க எளிது. காரணம், அவை பேசிக்கொண்டே இருக்கும். தலையைச் சுற்றிப் பட்டங்களை அடுக்கியிருப்பார்கள், எல்லாம் சுருக்கெழுத்தில். 'ஐ எம் பி' என்றால் படைத்தலைவன், 'ஏ வி ஜி' என்றால் அகஸ்டஸ், அதாவது சக்கரவர்த்தி. 'யூ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வி' போடுவார்கள், இது தெரியாவிட்டால் ஒரு பெயரையும் படிக்க முடியாது. 'பி எம்' தலைமைப் பூசாரி, 'பி பி' நாட்டின் தந்தை, 'சி ஓ எஸ்' கன்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி, 'டி ஆர் பி' மக்கள் காவலர் (டிரிபியூன்) அதிகாரம். கடைசி இரண்டுக்குப் பக்கத்தில் எண் வரும், அங்கேதான் புதையல் இருக்கிறது. மக்கள் காவலர் அதிகாரம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டது, அதனால் எண்ணைப் பார்த்தால் வருடமே தெரியும். டிராஜன் காசில் கன்சல் பதவி 5 என்று இருந்தால் கி.பி. 103-க்கும் 111-க்கும் இடையில் அடித்தது, 6 என்று இருந்தால் 112-க்குப் பிறகு. 4-ம் நூற்றாண்டில் 'டி என்', நம் எஜமானர் என்று ஆரம்பிப்பது பரவலானது, பட்டங்களும் சுருங்கிப்போயின.

நாணய வகைகளை ஒரேயடியாக மனப்பாடம் செய்யவேண்டாம். வெள்ளியில் டெனேரியஸ், கார்த்தேஜ் தளபதி ஹானிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கி.மு. 211 வாக்கில் வந்தது, சுமார் 4 கிராம். தங்கத்தில் ஆரியஸ், அதற்கு 25 டெனேரியஸ். ஒரு டெனேரியஸுக்கு நான்கு செஸ்டெர்டியஸ். அது பித்தளைக் காசு, 25 கிராம் வரை கனக்கும், உள்ளங்கையில் வைத்தாலே ஒரு நிறைவு இருக்கும். அதற்குப் பாதி டுபோண்டியஸ், அதற்கும் பாதி ஆஸ். இந்தக் கடைசி இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வரும். தலையில் கதிர் கதிராகக் கூர்முனைக் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் டுபோண்டியஸ், இலைக் கிரீடம் என்றால் ஆஸ். பொதுவாகக் கதிர்க் கிரீடம் என்றால் இரட்டை மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே கதிர்க் கிரீடத்தோடு கி.பி. 215-ல் கராகல்லா ஒரு புது வெள்ளிக் காசை விட்டார், இன்று அன்டோனினியானஸ் என்கிறார்கள். இரண்டு டெனேரியஸ் மதிப்பு, ஆனால் உள்ளே ஒன்றரை டெனேரியஸ் அளவு வெள்ளிதான். அங்கிருந்து சரிவுதான். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை, வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள், இன்னும் கலந்தார்கள், கி.பி. 260-களில் காலியேனஸ் காலத்தில் மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும் போட்ட செம்புக் காசாகிவிட்டது. ஐம்பது வருடத்தில் ஒரு பேரரசின் பணம் எப்படிச் சாகிறது என்பதை நான்கைந்து காசுகளை வரிசையாக அடுக்கினால் கண்ணாலேயே பார்க்கலாம், அந்த நான்கைந்தும் பெரிய விலை இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சேகரிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பின்பக்கத்தில் நிற்கும் பெண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தராசு பிடித்திருந்தால் நேர்மை, பாம்புக்கு உணவூட்டினால் ஆரோக்கியம், சிறகு இருந்தால் வெற்றி, ஒலிவக் கிளை இருந்தால் அமைதி. நல்ல குணங்களைப் பெண்ணுருவமாக்கிக் காசில் நிறுத்துவது அவர்கள் வழக்கம். பெரும்பாலும் பெயரையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். பெரிய எழுத்தில் 'எஸ் சி' என்று செம்பு, பித்தளைக் காசுகளில் இருப்பது செனட்டின் ஆணைப்படி என்பதன் சுருக்கம்.

இப்போது நீங்கள் முதலில் வாங்க வாய்ப்புள்ள ஒரு காசையே எடுத்துக்கொள்வோம். 17 மில்லிமீட்டர், இரண்டரை கிராம் வெண்கலம். பின்பக்கம் ஈட்டியும் கேடயமுமாக இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள், சுற்றிலும் 'குளோரியா எக்ஸெர்சிட்டஸ்', படையின் புகழ். இது கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு, கி.பி. 330-லிருந்து அடித்தது. கொடி ஒன்றாகக் குறைந்து காசும் சின்னதாகியிருந்தால் 335 வாக்கில் அல்லது அதற்குப் பின். சரி, குடும்பத்தில் யார்? அப்பா பெயர் கான்ஸ்டன்டைன், மகன்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ். பாதி எழுத்து அழிந்துபோன காசில் இந்தப் பெயர்களைப் பிரிப்பது பெரிய பாடு. அப்போது தலையைப் பாருங்கள்: மணி பதித்த பட்டம் கட்டியிருந்தால் சக்கரவர்த்தி, இலைக் கிரீடம் என்றால் பெரும்பாலும் சீசர் பட்டத்தில் இருக்கும் இளவரசன். பெயருக்குப் பின்னால் 'எம் ஏ எக்ஸ் ஏ வி ஜி' என்று வந்தால் அப்பா, 'என் ஓ பி சி' என்று வந்தால் பெரும்பாலும் மகன்களில் ஒருவர்.

கடைசியாக, பின்பக்கத்தில் வீரர்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே நான்கைந்து எழுத்து. இதைப் புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு முதலில் கண் போவதே அங்கேதான். 'எஸ் எம் கே ஏ' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எஸ் எம்' புனித நாணயம், 'கே' சிசிகஸ் என்ற ஊர், துருக்கியில் மர்மரா கடலோரம். 'ஏ' என்பது கிரேக்கத்தில் ஒன்று, அந்த நாணயச்சாலையின் முதல் பட்டறை. 'டி ஆர்' என்றால் ஜெர்மனியின் டிரியர், 'ஏ என் டி' என்றால் அந்தியோக்கியா, 'எஸ் ஐ எஸ்' என்றால் இன்றைய குரோஷியாவின் சிசாக். இவ்வளவு சின்னக் காசில் ராஜா, பட்டம், காலம், ஊர், பட்டறை என்று ஐந்து விஷயம் இருக்கிறது.

படித்ததைச் சரிபார்க்க, அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமானியப் பேரரசின் காசுகளை மொத்தமாக இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, 'ஓ சி ஆர் இ' என்று தேடினால் வரும். அலெக்சாண்டர் காசுகளுக்கு 'பெல்லா' என்று அவர்களே தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு எழுத்தைப் போட்டுத் தேடினாலே படத்தோடு காட்டும்.

நம் ஊர் மண்ணில் கிடைத்தவை

தமிழ்நாட்டில் ரோமானியக் காசு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது, அதிலும் கொங்குப் பகுதியில். கோவைக்குப் பக்கத்து வெள்ளலூர், கரூர், உடுமலைப்பேட்டை வட்டாரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வந்த வணிகப் பாதை இது. வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டே சக்கரவர்த்திகளுடையவை, அகஸ்டஸும் டைபீரியஸும். டைபீரியஸின் டெனேரியஸ் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் இலைக் கிரீடத்தோடு அவர் தலை, பின்னால் நாற்காலியில் செங்கோலும் கிளையுமாக ஒரு பெண், இரண்டு பக்கமும் 'பொன்டிஃப் மாக்ஸிம்' என்று எழுத்து. பிரான்ஸின் லியோனில் அடித்தது. கி.பி. 64-ல் நீரோ டெனேரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார், அதன்பின் அடித்த வெள்ளிக் காசுகள் நம் பக்கம் அவ்வளவாகக் காணோம். இங்கே இருந்தவர்கள் உலோகத்தைப் பார்த்து வாங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் கிடைத்த புதையலில் 500-க்கு மேற்பட்ட தங்க ஆரியஸ்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்தில் குறுக்கே ஒரு வெட்டு. தேய்ந்துபோன காசை இனி செல்லாது என்று காட்ட வெட்டினார்கள் என்கிறார்கள் சிலர், வேறு காரணமும் சொல்கிறார்கள், விவாதம் முடியவில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்தவை 4, 5-ம் நூற்றாண்டு வெண்கலக் காசுகள், மேலே பார்த்த அதே படைவீரர் ஜாதி. இலங்கையில் இவை இன்னும் அதிகம். பற்றாக்குறையால் உள்ளூரிலேயே அதைப் பார்த்து அடித்துக்கொண்ட நகல்களும் உண்டு. 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த சேரர்களின் வெள்ளிக் காசில் ரோமானியப் பாணியில் முகம் இருப்பதும் இந்தத் தொடர்பில் வந்ததுதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளின் நல்ல தொகுப்பு இருக்கிறது.

போலிகள்

போலி செய்வது புதுத் தொழில் இல்லை. 16-ம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து கவினோ ரோமானியப் பெரிய காசுகளைப் பார்த்து அருமையாக அச்சடித்தார். இப்போது அவையே தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் என்பவர் நூற்றுக்கணக்கான அச்சுகளைக் கையாலேயே செதுக்கினார். அடித்த புதுக் காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டி ஊரைச் சுற்றிவந்து பழசாக்கினார் என்று சொல்வார்கள்.

நாம் அதிகம் சந்திப்பது வார்ப்புப் போலி. அசல் காசை அச்சில் பதித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. விளிம்பைச் சுற்றி லென்ஸில் பாருங்கள்: இரண்டு பாதி சேர்ந்த கோடோ, அதை அராவிய தடமோ இருக்கும். பரப்பில் ஊசி முனை அளவு குழிகள், காற்றுக் குமிழி போன இடம். எழுத்தின் ஓரங்கள் கூர்மை இல்லாமல் வழவழவென்று உருண்டிருக்கும். எடை பொருந்தாது. முன்பே சொன்னேன் அல்லவா, கையால் அடித்த காசு இரண்டு ஒன்றுபோல இருக்காது. ஒரே வெடிப்பு, ஒரே சாய்வு, ஒரே தழும்போடு இரண்டு காசை இணையத்தில் பார்த்தால் ஒன்றாவது போலி, இரண்டுமே போலியாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கேள்வியே இல்லை, போலிதான். புது அச்சு செய்து அழுத்தி அடித்த நல்ல போலிகள் இந்தச் சோதனைகளில் தப்பிவிடும். அதற்குப் பழகிய கண்தான் வேண்டும், அசல் காசுகளை நிறையப் பார்த்தால்தான் அந்தக் கண் வரும். அதனால் முதல் ஆந்தையையும் முதல் தங்கத்தையும் ஒரு இரண்டு வருடம் தள்ளி வையுங்கள். சுற்றுலா இடத்தில், இப்போதுதான் தோண்டினோம் என்று மண்ணோடு கையில் கொடுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, அசலாக இருந்தால் அது திருட்டு.

கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, பீதாம்பரி, பல் பேஸ்ட், எதுவும் வேண்டாம். வெண்கலத்தின் மேல் இருக்கும் அந்தப் பச்சை, பழுப்புக் களிம்புதான் காசைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, எழுத்தும் அந்த அடுக்கில்தான் நிற்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் பளபளவென்று ஒரு வட்டச் செம்பு மிஞ்சும், விலையும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் வாலை வடிநீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) போட்டு ஊற விடுங்கள், நாள்கணக்கில், தண்ணீரை மாற்றி மாற்றி. பொறுமை இல்லையென்றால் அப்படியே வைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் உடனே கவனிக்கவேண்டும். கெட்டியான கரும்பச்சைக்கு நடுவே, தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அது வெண்கல நோய். காசுக்குள் இருக்கும் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் உலர்வாக வையுங்கள், அப்புறம் அனுபவப்பட்டவரிடம் காட்டுங்கள். மற்றவற்றை அமிலமில்லாத காகித உறையில் வைத்தால் போதும். வளைந்து கொடுக்கும் மலிவான பிவிசி உறைகள் நாளாக ஆகக் காசின்மேல் பிசுபிசுப்பாகப் பச்சை விடும்.

வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி

அசலா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் இரண்டு கத்திகளையும் ஒரு தொப்பியையும் போட்டு அடித்த தங்கக் காசு ஒன்று 2020-ல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. காசு அசல்தான். ஆனால் அது யார் யார் கைமாறி வந்தது என்று காட்டிய வரலாறு பொய் என்று தெரிந்து, 2023-ல் கிரேக்கத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நாம் வாங்கும் ரெண்டாயிரம் ரூபாய்க் காசுக்கும் அதே கேள்வி உண்டு. ரகசியமாகத் தோண்டி எடுத்த காசு, கூட என்ன கிடைத்தது, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதையெல்லாம் அழித்துவிட்டு வருகிறது. பழைய ஏல ரசீது, பழைய சேகரிப்பின் அட்டை, பில், ஏதாவது ஒரு தாள் கூட வரும் காசுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், எடை, விட்டம், வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் காசோடேயே வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்க விதிகளைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனிநபர் யாரும் அதை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. மண்ணில் புதைந்த காசு உங்களுக்கே கிடைத்தால் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் வரும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாகவேண்டும். தெரிவிக்கும்வரை காசைக் கழுவாமல், பானையோ துணியோ கூடக் கிடைத்திருந்தால் அதையும் பிரிக்காமல், கிடைத்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.